கையெழுத்தா? கணினி எழுத்தா?



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று மாணவர் மன்றத்தில் கேட்டதும், எல்லோரையும் போல எனக்கும் "இளைஞர் கையில் இந்தியா", "தொழில்நுட்பமும் நாளைய உலகமும்" என்கிற மாதிரித் தலைப்புகள்தான் மனதில் ஓடின. அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது சின்ன விஷயம். எங்கள் துறையில் இந்த வருடம் நடந்த ஒரு சண்டை. சண்டைக்குக் காரணம் காதலும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. எழுத்து!

எங்கள் இயந்திரவியல் துறையில் வருடா வருடம் ஒரு விழா ஆல்பம் தயாரிப்போம். பெரிய டிராயிங் ஷீட்டுகளைச் சேர்த்துத் தைத்த புத்தகம். ஆடிப்பெருக்கு, ஆயுத பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல், ரம்ஜான், சித்திரைத் திருவிழா என்று ஒவ்வொரு விழாவுக்கும் பக்கங்கள் உண்டு. ஒர்க்‌ஷாப்பில் லேத் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்த படம், காய்ந்த மாவிலை, கோலத்தைப் பார்த்து வரைந்த தாள், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போன பஸ் டிக்கெட், பழைய சிவகாசிப் பொங்கல் வாழ்த்து அட்டை என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டி, மேலே தலைப்பு, கீழே குறிப்பு எழுதுவோம். பொங்கலுக்கு மட்டும் ஒரு விசேஷம். ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டுப் பொங்கலுக்கு ஒரு பக்கம் கொண்டுவர வேண்டும்.

இந்த வருடம் தலைப்புகளை யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. "கையாலதான் எழுதணும், அதுதான் அழகு" என்றது ஒரு கட்சி. "கம்ப்யூட்டர்ல அடிச்சு பிரிண்ட் எடுத்து ஒட்டுவோம்" என்றது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்கு நான்தான் தலைவர்!

ஏன் தெரியுமா? என் கையெழுத்து அப்படி. ஆறாம் வகுப்பில் ஒரு வாத்தியார் என் நோட்டைத் தூக்கி வகுப்பு முழுவதற்கும் காட்டி, "கோழி கிண்டுனாக்கூட இதைவிட வரிசையாக் கிண்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்வது? "கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது"ன்னு ஊரில் ஒரு சொலவடை உண்டு. அதைச் சொல்லித்தான் அப்பத்தா என்னைத் தேற்றியது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தாத்தா மூன்றாம் வகுப்பு. அப்பா எட்டாவதோடு நின்று மூட்டை தூக்கப் போனவர். வீட்டில் நோட்டை வாங்கிப் பார்த்து "இந்த எழுத்தை இப்படிப் போடு" என்று கைபிடித்துத் திருத்த ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் கையெழுத்து அழகாக உள்ளவனுக்குத்தான் கரும்பலகையில் திருக்குறள் எழுதும் வேலை, சார்ட் எழுதும் வேலை. நமக்குப் பசை தடவும் வேலை. ஆறு வருடம் பசை தடவியவன் நான்.

டிப்ளமோவில் சேர்ந்த பிறகு லேப்பில் முதன்முதலாகத் தமிழில் டைப் அடித்து, எழுத்தைப் பெரிதாக்கித் திரையில் பார்த்தேன். அது என் எழுத்து! கோணல் இல்லை, கிறுக்கல் இல்லை. யாரும் சிரிக்க முடியாது. ஆகவே கணினி எழுத்துக்கு நான் வக்காலத்து வாங்கியதில் ஆச்சரியம் இல்லை. இன்றைக்கும் அந்தக் கட்சியை விட்டு நான் முழுசாக விலகவில்லை. எங்கே நிற்பேன், எங்கே விலகுவேன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எதிர்க்கட்சியின் வாதத்தைப் பார்ப்போம். "கம்ப்யூட்டர் வந்து தமிழ் எழுத்தைக் கெடுத்துருச்சு. கையெழுத்துதான் உண்மையான எழுத்து" என்கிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எழுதுகிற கருவி மாறும்போதெல்லாம் தமிழ் எழுத்தும் மாறித்தான் வந்திருக்கிறது.

நம் மதுரையிலேயே ஆதாரம் இருக்கிறது. மாங்குளம் மீனாட்சிபுரத்து மலைக் குகையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான தமிழ் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. உளியால் வெட்டியவை. கோடு கோடாக நிற்கும். பிற்பாடு ஓலை வந்தது. எழுத்தாணியால் நேராக இழுத்தால் ஓலை நரம்போடு கிழியும். எழுத்து வளைந்து உருண்டதற்கு அது ஒரு காரணம் என்பார்கள். புள்ளி குத்தினால் ஓட்டை விழும் என்று பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். 1578-இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சானது. அன்று முதல் தமிழ் எழுத்து ஈயத்துக்கும் பழகியது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இன்று நாம் காட்டும் வித்தியாசத்தை 18ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர். தந்தை பெரியார் 1935-லேயே தன் "குடிஅரசு" பத்திரிகையில் சில எழுத்துகளைச் சீர்திருத்தி அச்சடித்தார். 1978-இல் தமிழக அரசு அதை ஏற்று ஆணை போட்டது. உளி, ஓலை, ஈயம், கணினி. இதில் எதை உண்மை, எதைப் பொய் என்பது?

கணினிக்குத் தமிழ் வந்த கதையிலும் நம் ஊர்ப் பெயர் இருக்கிறது. பழைய தமிழ் நூல்களை மின்னூலாக்கி உலகத்துக்கே இலவசமாகக் கொடுக்கும் வேலை 1998 பொங்கல் நாளில் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் "மதுரைத் திட்டம்". தொடங்கிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் அப்போது இருந்தது சுவிட்சர்லாந்தில்! 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்ததுதான் "தமிழ் 99" விசைப்பலகை. உயிரெழுத்து இடது கைப்பக்கம், மெய்யெழுத்து வலது கைப்பக்கம். பத்து நாள் பழகினால் கை ஓடும். கூகுள் இலவசமாகக் கொடுக்கும் எழுத்துருக்களில் ஒன்றின் பெயர் "ஹிந்த் மதுரை". உருவாக்கியது அகமதாபாத்தில் உள்ள இந்தியன் டைப் ஃபவுண்டரி. அதே இடத்தில் பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த "கேட்டமரன்" இருக்கிறது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த "கவிவனார்" இருக்கிறது. கவிவனாரைப் பார்த்தால் யாரோ பேனா பிடித்துச் சாய்த்து எழுதியது போலவே இருக்கும். இதெல்லாம் சும்மா வந்ததா? ஒவ்வொரு எழுத்தையும் ஒரு மனுஷன் உட்கார்ந்து வரைந்திருக்கிறான். கணினி எழுத்துக்குப் பின்னாலும் ஒரு கை இருக்கிறது, நண்பர்களே!

ஆகவே தலைப்புக்குக் கணினி எழுத்து தாராளமாக வரலாம். ஆனால் எப்படி வரவேண்டும் என்பதில் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் அடுத்த வருட ஜூனியர்களுக்கு உதவும்.

பொங்கல் பக்கத்துக்குத் தலைப்பு, "எங்கள் வீட்டுப் பொங்கல்". நான் அழகாக அமைத்து, பென்டிரைவில் போட்டு, டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு டி.டி.பி. சென்டரில் கொடுத்தேன். பளபளவென்று கலரில் வந்தது. காசு கொடுத்து, வெயிலில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து மேசையில் விரித்தால், பக்கத்தில் இருந்த நண்பன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "மாப்ள, ஊர்ல எல்லாக் காளைக்கும் கொம்பு முன்னால இருக்கும். உன் பொங்கலுக்கு மட்டும் கொம்பு பின்னால இருக்குடா!" பார்த்தால் உண்மைதான். "பொ"வின் ஒற்றைக்கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது!

காரணம் பிறகுதான் புரிந்தது. தமிழில் கொம்பை நாம் முன்னால் போட்டாலும், கணினி அதை எழுத்துக்கு அடுத்துத்தான் சேமிக்கும். திரையில் காட்டும்போதுதான் இடம் மாற்றி முன்னால் வைக்கும். அந்த வேலை தெரியாத பழைய டிசைன் மென்பொருளில் திறந்தால் கொம்பு இருந்த இடத்திலேயே நின்றுவிடும். இன்னொரு தொல்லை, பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பைதான் தெரியும். யூனிகோடில் அந்தத் தொல்லை இல்லை. தமிழுக்கு அதில் 1991-லேயே தனி இடம் ஒதுக்கியாயிற்று. தமிழக அரசும் 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது. அப்புறமும் நம் டி.டி.பி. கடைகளில் பழசு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் இருபது வருடத்துக் கல்யாணப் பத்திரிகையும் அந்த எழுத்துருவில்தானே இருக்கிறது!

எனவே என் அனுபவத்தில் கண்ட சில யோசனைகள்:

ஒன்று. யூனிகோடு எழுத்துருவிலேயே அடியுங்கள். கடைக்குக் கொண்டுபோகும் முன் பி.டி.எஃப். ஆக மாற்றிவிடுங்கள். எழுத்து அதிலேயே பதிந்துவிடும், கொம்பு நகராது.

இரண்டு. அச்சடிக்குமுன் கொம்பு, கால், புள்ளி மூன்றையும் விரல் வைத்துப் பாருங்கள். "சித்திரைத் திருவிழா" என்பதில் நடுவிலே "த்" இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒற்றை எந்தக் கம்ப்யூட்டரும் தானாகப் போட்டுத் தராது.

மூன்று. இடம் நிரப்ப எழுத்தைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். "ண"வும் "ன"வும் சுழியை வைத்துத்தான் அடையாளம். சின்ன அளவில், சொரசொரப்பான தாளில் அச்சடித்தால் மை பரவிச் சுழி அடைந்துவிடும். மணமும் மனமும் ஒன்றாகிப் போகும்.

நான்கு. ஒரு பக்கத்துக்கு இரண்டு வகை எழுத்துக்கு மேல் வேண்டாம். நம் ஊர்ச் சுவரைப் பாருங்கள். காதுகுத்துக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே எழுத்து. படத்தைப் பார்த்தால்தான் சிரிக்கணுமா அழுகணுமா என்று தெரிகிறது. இது ஒரு கோடி என்றால் இன்னொரு கோடி எங்கள் கிறிஸ்துமஸ் பக்கம். எழுத்து மேலெல்லாம் பனிக்கட்டி படிந்திருக்கிறது! மதுரையில் எந்த மார்கழியில் பனிக்கட்டி விழுந்தது? விழாவுக்கு ஏற்ற எழுத்து வேண்டும். அதே சமயம் நம்ம ஊர் விழாவாகவும் இருக்கவேண்டும்.

இவ்வளவும் கற்றுக்கொண்டு இரண்டாம் முறை அச்சடித்தேன். தலைப்பு அருமையாக வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

ஏ-4 தாளில் தலைப்புக்குக் கீழே பாதி இடம் சும்மா கிடந்தது. கலர் பிரிண்டுக்குக் கொடுக்கும் காசு வீணாகக் கூடாதே என்று, படங்களுக்குக் கீழே வரவேண்டிய குறிப்புகளையும் டைப் அடித்து அதே தாளில் எடுத்துக்கொண்டேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த பக்கத்தில் ஒரு படத்துக்குக் கீழே ஏற்கனவே குறிப்பு இருந்தது. தாத்தா எழுதியது.

வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் ஒரு காளை உண்டு. மாட்டுப் பொங்கலன்று அதைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, தாத்தா அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். பக்கத்தைத் தயார் செய்யும்போது தாத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுய்யா" என்று வாங்கி, படத்துக்குக் கீழே "நம்ம காளை" என்று எழுதினார். இரண்டே சொல். எழுதி முடிக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு.

அதில் ஒரு விசேஷம். 1978-க்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்கள் எழுதிய ணை, லை, ளை, னை எல்லாம் வேறு மாதிரி இருக்கும். ஐகாரக் குறி தனியாக முன்னால் நிற்காது. எழுத்தோடு ஒட்டி, யானை துதிக்கையைத் தூக்கின மாதிரி தலைக்கு மேலே வளைந்து நிற்கும். ணா, றா, னா-வும் அதுபோல ஒட்டித்தான் எழுதுவார்கள். மொத்தம் 13 எழுத்துகள் அந்தச் சீர்திருத்தத்தில் மாறின. அச்சுக்கோக்கிறவருக்கும் தட்டச்சுக்கும் அது பெரிய உதவி. அதை நான் குறை சொல்லவில்லை. தாத்தா பேப்பரில் புது எழுத்தை நன்றாகவே படிப்பார். ஆனால் அவர் கை மாறவில்லை. அவர் எழுதிய "காளை"யில் "ளை"க்கு மேலே அந்த வளைவு இருந்தது. காளையின் திமில் மாதிரியே இருக்கிறதே என்று அன்றைக்கே நினைத்தேன். அந்த வடிவத்தை இங்கே அச்சில் காட்டலாம் என்றால் வழி இல்லை. பழைய வடிவத்துக்கும் புது வடிவத்துக்கும் யூனிகோடில் ஒரே குறியீடுதான். எப்படித் தெரியவேண்டும் என்பது எழுத்துருவின் கையில். எங்கள் லேப்பில் உள்ள எந்த எழுத்துருவிலும் அது இல்லை.

நான் என்ன செய்தேன்? "எல்லாக் குறிப்பும் ஒரே மாதிரி இருந்தாத்தான் நீட்டா இருக்கும்" என்று சொல்லி, "எங்கள் வீட்டுக் காளை, மாட்டுப் பொங்கல்" என்று அச்சடித்த துண்டைத் தாத்தா எழுத்தின் மேலேயே ஒட்டினேன். நன்றாக அழுத்தி ஒட்டினேன். பசை தடவுவதில் ஆறு வருட அனுபவம் அல்லவா!

மாசி மாதம் ஒருநாள் காலையில் தாத்தா எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் இருந்து உயிரோடு திரும்பி வந்தது எங்கள் அதிர்ஷ்டம். இப்போது பேச்சு கொஞ்சம் குழறும். கம்பு ஊன்றி நாலடி நடப்பார். வலது கை மட்டும் வரவில்லை.

பங்குனியில், அவருக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று துறையில் அனுமதி வாங்கி ஆல்பத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினேன். லேத்துக்குப் பூஜை போட்ட படத்தைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் பக்கம் வந்ததும் இடது கையால் காளை படத்தைத் தடவினார். கீழே பார்த்தார். "நல்லாருக்குய்யா" என்றார். அப்புறம் கொஞ்சநேரம் கழித்து, "நான் எழுதுனது எங்கய்யா?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. தேடுகிற மாதிரி கேட்டார். நான் ஏதோ சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி அந்தத் துண்டைப் பிரிக்கப் பார்த்தேன். ஓரத்தில் நகம் வைத்ததுமே டிராயிங் ஷீட்டும் சேர்ந்து உரிகிறது. விட்டுவிட்டேன். முழுசாகக் கிழித்தால் இரண்டு எழுத்தும் போய்விடும்.

நண்பர்களே, இதில் கம்ப்யூட்டர் செய்த தப்பு ஒன்றும் இல்லை. தப்பு நான் செய்தது. எந்த இடத்தில் எந்த எழுத்து என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் அதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்!

முதலாண்டு இன்ஜினியரிங் டிராயிங் வகுப்பை நினைத்துப் பாருங்கள். முதல் பாடமே லெட்டரிங். எழுத்தின் உயரம் 2.5, 3.5, 5, 7, 10 மி.மீ. என்று கணக்கு. கோட்டின் தடிமன் உயரத்தில் பதினான்கில் ஒரு பங்கு, அல்லது பத்தில் ஒரு பங்கு. ஏன் இத்தனை கறார்? மதுரையில் ஒருவன் வரைந்த வரைபடத்தைக் கோயம்புத்தூரில் ஒருவன் பார்த்து உருப்படி செய்யவேண்டும். அவனுக்கு "3"ஐ "8" என்று படித்துவிடும் சந்தேகம் வரக்கூடாது. எழுதியவன் யார், நல்லவனா கெட்டவனா, கை நடுங்கியதா என்பதெல்லாம் அவனுக்குத் தேவையில்லை. வரைபடத்தில் எழுதியவன் தெரியக்கூடாது. அதுதான் அதன் இலக்கணம். இன்றைக்கு ஆட்டோகேட் அந்த வேலையை நம்மைவிட ஒழுங்காகச் செய்கிறது. சந்தோஷம்.

ஆல்பம் அதற்கு நேர் எதிர். ஆல்பத்தில் எழுதியவன் தெரியவேண்டும். இருபது வருடம் கழித்து அதைப் புரட்டுகிறவன் "பொங்கல்" என்கிற செய்தியைத் தெரிந்துகொள்வதற்காகப் புரட்டமாட்டான். அந்த வருடப் பொங்கலில் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்கத்தான் புரட்டுவான். படத்தில் முகம் இருக்கும். கை எங்கே இருக்கும்? எழுத்தில்தான் இருக்கும்.

"கவிவனார்தான் கையெழுத்து மாதிரியே இருக்கே, அதில் அடிச்சா என்ன?" என்று எங்கள் கட்சிக்காரன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்விதான். அழகான எழுத்துதான். ஆனால் அதில் நூறு "க" அடித்தால் நூறும் ஒரே "க". என் தாத்தா எழுதினால் இரண்டு "ம" கூட ஒன்றுபோல இருக்காது. "நம்ம" என்பதிலேயே முதல் "ம்" நிமிர்ந்தும் இரண்டாவது "ம" சாய்ந்தும் இருந்தது. அது குறையா? ஆறாம் வகுப்பில் எனக்குக் குறை என்றுதான் சொன்னார்கள். நானும் நம்பினேன். நம்பித்தான் அதை மூடி ஒட்டினேன்.

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தார்களே என்று அழகான எழுத்தைத் தேடி ஓடினேன். ஓடுகிற வழியில், ரெண்டு நிமிஷம் கஷ்டப்பட்டு எழுதிய ஒரு கிழவர் எழுத்தை, "நீட்டா இல்லை" என்று நானே மறைத்தேன். அந்த வாத்தியார் எனக்குச் செய்ததைத்தானே நான் தாத்தாவுக்குச் செய்தேன்? இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நம் பாலிடெக்னிக்கில் பாதிப்பேர் என்னைப் போல வீட்டுக்கு முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். படிக்கப் படிக்க, வீட்டில் உள்ளதெல்லாம் கோணலாகத் தெரிய ஆரம்பிக்கும். பேச்சு கோணல், எழுத்து கோணல். அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கழற்றி வைக்கவேண்டும்.

கீழடி அருங்காட்சியகத்துக்குத் துறையில் கூட்டிப்போனபோது பானை ஓடுகளில் கீறிய எழுத்துகளைப் பார்த்தோம். கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் என்கிற பெயர்களைப் படித்திருக்கிறார்கள். ராஜா போட்ட கல்வெட்டு இல்லை. பானையில் கீறிய வெறும் பெயர். எத்தனையோ கைகள், எத்தனையோ விதமான கீறல். எல்லாம் கோணல்தான். எல்லாரும் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டி எட்டிப் பார்க்கிறோம்!

ஆகவே அடுத்த ஆண்டு ஆல்பத்துக்கு மாணவர் மன்றத்துக்கு என் பணிவான கோரிக்கைகள் இவை:

தலைப்புக்குக் கணினி எழுத்து இருக்கட்டும். கையெழுத்து சரியில்லை என்று ஒரு மாணவனையும் பசை தடவ அனுப்பாதீர்கள். கையால்தான் எழுதவேண்டும் என்று ஆசைப்படுகிற, ஆனால் கை வராத நண்பனுக்கு ஒரு வழி சொல்கிறேன். கணினியில் எழுத்தின் ஓரக்கோட்டை மட்டும் பெரிதாக அச்சடித்து, ஜன்னல் கண்ணாடியில் வைத்து, அதன்மேல் தாளை வைத்தால் வெளிச்சத்தில் கோடு தெரியும். அதைப் பார்த்து ஸ்கெட்ச் பேனாவால் வரைந்துகொள்ளலாம். எழுத்துரு வழி காட்டும், கை நடக்கும். சித்திரைத் திருவிழா பக்கத்துத் தலைப்பை நான் அப்படித்தான் வரைந்தேன். கொஞ்சம் கோணல்தான். என் கோணல்.

ஆனால் பெயர், தேதி, வீட்டுப் படத்துக்குக் கீழே வரும் குறிப்பு, இந்த மூன்றும் கையெழுத்திலேயே இருக்கவேண்டும். வீட்டுப் பக்கத்தில் மூன்று அங்குலம் காலி இடம் விட்டு, வீட்டுக்கு அனுப்புங்கள். அம்மா எழுதட்டும், அப்பா எழுதட்டும். பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்தவேண்டாம். எங்கள் அப்பத்தாவுக்கு எழுதத் தெரியாது. ஆனால் புள்ளி வைத்துக் கோலம் போட்டால் ஒரு கோடு தப்பாது. எழுதத் தெரியாதவர்கள் அந்த இடத்தில் கோலம் போடட்டும். அதுவும் கையெழுத்துதான்.

போன வாரம் இடது கையில் ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்து, ஒரு வெள்ளைத் தாளைத் தாத்தா மடியில் வைத்தேன். "எதுக்குய்யா?" என்றார். "அன்னைக்கு எழுதுனீங்கள்ல தாத்தா, அதை மறுபடி எழுதுங்க" என்றேன். ரொம்ப நேரம் பேனாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஆரம்பித்தார். "நம்ம"வை விட்டுவிட்டு நேராகக் காளைக்குப் போய்விட்டார். "கா" வந்தது. அதுவும் சாய்ந்து, பாதித் தாளை அடைத்துக்கொண்டு வந்தது. வியர்த்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்து, "மிச்சத்தை நாளைக்குப் பாப்போம்" என்றார்.

அந்தத் தாளைக் காளை படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். "கா"வுக்குப் பக்கத்தில் "ளை"க்கு இடம் விட்டிருக்கிறேன்.

– இரண்டாமாண்டு, இயந்திரவியல் துறை